மாரிட்ஸ்பர்கில் 250 பேருக்குக் கல்யாணம்: பட்ஜெட் போடும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மண்டபம் கேட்டு விலையைப் பார்த்து மலைத்தவர்கள் பலர் இப்போது பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் திரும்புகிறார்கள். என்-3 சாலையில் 80 கிலோமீட்டர்தான். நார்த்டேல், ரெய்ஸ்தோர்ப் வட்டாரத்தில் கோயில் மண்டபம், பள்ளிக்கூட மண்டபம், முனிசிபாலிட்டி மண்டபம் எல்லாம் இருக்கின்றன. பூஜைச் சாமான் கடையும் சமையல்காரரும் அங்கேயே கிடைப்பார்கள். சொந்தக்காரர்கள் டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இருந்தாலும் காலையில் கிளம்பி வந்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக வந்தவர்கள் முதலில் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். ஊரில் கல்யாண மண்டபம் என்றால் இரண்டு நாள் வாடகைக்குள் அறை, பாத்திரம், அடுப்பு, சில இடங்களில் மேளம் வரை வந்துவிடும். இங்கே மண்டபம் என்றால் பெரும்பாலும் நாலு சுவரும் ஒரு மேடையும்தான். நாற்காலிக்கு உறை, மேசைக்குத் துணி, கரண்டி, குப்பைப் பை என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆள், தனி பில். மண்டப வாடகை மலிவாக இருக்கிறதே என்று கையெழுத்துப் போட்டவர்கள் பணத்தை விடுவது இந்தத் துண்டு பில்களில்தான்.

முதலில் தலைக்கணக்கு

மண்டபமும் தேதியும் பிறகு. முதல் வேலை, எத்தனை பேர் என்று முடிவு செய்வது. இரு வீட்டாரும் உட்கார்ந்து ஒரே தாளில் பெயர் எழுதுங்கள். பெண் வீட்டுக்கு ஒரு நோட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு நோட்டு என்று வைத்தால் பொதுவான உறவுகள் இரண்டிலும் ஏறும்; விட்டுப்போனவர்கள் கடைசி வாரத்தில் ஞாபகத்துக்கு வருவார்கள்.

தாளில் பத்திரிகைக் கணக்கும் ஆள் கணக்கும் தனித்தனிப் பத்தியில் இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்குச் சராசரியாக மூன்றரை பேர் என்று வைத்தால் 250 பேருக்கு 71 பத்திரிகைதான் ஆகும். "250 பேர்தானே" என்று 150 பத்திரிகை அடித்துக் கொடுத்துவிட்டு, வாசலில் 500 பேர் நிற்கும்போது சமையல்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. மஞ்சள் குங்குமத்தோடு வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைக்கும் பெரியவர்களிடம், எத்தனை பேர் வருவார்கள் என்று அங்கேயே கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். நேரில் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால் பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள்.

செலவு மூன்று வகை

தலைக்கு ஏறுவது ஒரு வகை: சாப்பாடு, நாற்காலி, தாம்பூலப் பை. ஏறாதது இன்னொரு வகை: ஐயர் தட்சணை, மணவறை, போட்டோ, மேளம். மணிக்கணக்கில் ஏறுவது மூன்றாவது: மண்டப ஓவர்டைம், ஜெனரேட்டர் டீசல், பரிமாறுபவர் கூலி. இந்த மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. பட்ஜெட் தாண்டுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

1,50,000 ரேண்டுக்கு ஒரு மாதிரிக் கணக்குப் பார்ப்போம். தொகைகள் பங்கீட்டைக் காட்டுவதற்கு. விலையை நீங்கள் கையில் வாங்கும் கொட்டேஷன்தான் சொல்லும்.

- சாப்பாடு, பரிமாறும் ஆட்கள்: 57,000
- மண்டபம், மேசை, நாற்காலி: 22,500
- மணவறை, மேடை, பூ: 18,000
- உடை, அலங்காரம்: 15,000
- போட்டோ, வீடியோ: 12,000
- ஐயர், பூஜைச் சாமான், மேளம்: 6,000
- பத்திரிகை, கார், பஸ்: 4,500
- கையிருப்பு: 15,000

சாப்பாடு தலைக்கு 228 ரேண்ட் வருகிறது. பட்டியலில் 40 பேர் கூடினால் சாப்பாட்டில் மட்டும் 9,120 ஏறும். மேசைக்குப் பத்துப் பேர் என்பதால் நாலு மேசையும், அதற்குத் துணியும் பூவும் அதன்மேல். கையிருப்பில் பாதிக்கு மேல் அங்கேயே கரைந்துவிடும். சித்தப்பா இன்னும் ரெண்டு வீட்டைச் சேர்க்கச் சொன்னால் மறுப்பது கஷ்டம். ஆனால் இந்தக் கணக்கைக் காட்டினால் அவருக்கே புரியும்.

தாலித் தங்கத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தங்க விலை நாளுக்கு நாள் மாறுவதால் அதற்குத் தனிப் பணம் வைப்பதே நல்லது. மொய்ப்பணத்தை வரவாக எழுதவே கூடாது. அது வரும்போது வரட்டும். வராததை நம்பி, மீதிப் பணம் தருவதாகச் சமையல்காரருக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது.

பணம் சேர்க்க சீட்டு, ஸ்டாக்வெல் என்னும் உள்ளூர்ச் சேமிப்புக் குழு, வங்கியில் 32 நாள் நோட்டீஸ் கணக்கு என்று வழிகள் உண்டு. நோட்டீஸ் கணக்கில் போட்டிருந்தால், மீதிப் பணம் கட்ட வேண்டிய நாளுக்குக் குறைந்தது 35 நாள் முன்பே வங்கிக்கு அறிவிப்புக் கொடுத்துவிடுங்கள். சொந்தப் பணம் வங்கியிலேயே இருக்க, கைமாத்து வாங்கும் நிலை வரக்கூடாது.

தேதி

ஆடியும் மார்கழியும் எப்படியும் போயிற்று. புரட்டாசியில் வீட்டில் விரதம். தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்தில் காவடி விரதம் இருக்கும் குடும்பங்கள் வர முடியாது. ஈஸ்டர் வாரத்தில் லாங்கலிபலேலே தெரு சிவசுப்பிரமணியர் மாரியம்மன் கோயிலில் பெரிய வெள்ளியன்று தீமிதி. ஊரே அங்கே இருக்கும். மிஞ்சுவதில் செலவுக்கு ஏற்றது வைகாசியும் ஆனியும். இந்தக் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அது வறண்ட பருவம், மழைக்குக் கூடாரம் போடும் செலவு மிச்சம். ஆனால் மாரிட்ஸ்பர்கில் காலைக் குளிர் கடுமை. பெரியவர்களுக்கு ஹீட்டர் ஏற்பாடு செய்யுங்கள்.

ஞாயிறு காலைக் கல்யாணத்துக்குத்தான் எல்லோரும் மண்டபம் கேட்பார்கள். அதனால் அரசு விடுமுறைகளைப் பாருங்கள். ஜூன் 16 ஆனியில் வருகிறது, ஏப்ரல் 27ம் மே 1ம் சித்திரையில். வார நடுவில் வரும் விடுமுறைக்கு வாடகை குறைத்துக் கேட்கலாம். காம்ரேட்ஸ் மராத்தான் நாளில் டர்பனுக்கும் மாரிட்ஸ்பர்குக்கும் இடையே சாலைகளை மூடுவார்கள், அந்த ஞாயிறு வேண்டவே வேண்டாம். ஜூலை முதல் சனிக்கிழமை டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம். வெளியூர் விருந்தாளிகளுக்கு டர்பனில் அறை எடுப்பதாக இருந்தால் அதையும் தவிருங்கள். அன்னையர் தினம் மே இரண்டாம் ஞாயிறு, அன்று பூ விலை ஏறியிருக்கும்.

முகூர்த்த நேரத்தில் ஒரு கவனம். சென்னைப் பஞ்சாங்கத்தில் உள்ள திதி, நட்சத்திர முடிவு நேரத்திலிருந்து மூன்றரை மணி நேரம் கழித்தால் நம் நேரம் வரும். ராகு காலம் அப்படியல்ல, அது உள்ளூர் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடுவது. ஜூனில் இங்கே சூரியன் உதிப்பது ஏழு மணிக்குச் சற்று முன்னால், மறைவது மாலை ஐந்தை ஒட்டி. ஊரில் ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை என்று சொல்லும் ராகு காலம் இங்கே மூன்றே முக்கால் வாக்கில் தொடங்கிவிடும். உள்ளூர் ஐயரிடம் நேரம் குறித்து வாங்கிய பிறகே மண்டபத்தை எந்த மணியிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.

மண்டபத்தில் கேட்க வேண்டியவை

முதல் நாள் மாலையே அலங்காரத்துக்கு உள்ளே விடுவார்களா? விடவில்லை என்றால் அலங்காரக்காரர் விடிகாலைக் கூலி கேட்பார். எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு? ஜெனரேட்டர் உண்டா, அதில் சமையலறை ஃபிரிட்ஜும் ஓடுமா, விளக்கு மட்டும்தானா, டீசல் யார் பொறுப்பு? லோட்ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு இல்லாத மாதத்திலும் உள்ளூர் லைன் பழுதாவது உண்டு. தண்ணீர் நின்றால் ஜோஜோ டேங்க் என்னும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? 250 பேர் கை கழுவவும் கழிவறைக்கும் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

ஓமம் வளர்க்க அனுமதி உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சில மண்டபங்களில் புகை உணர்கருவி இருக்கும். கல்யாணத்தின் நடுவில் அது அலறினால் மங்கள வாத்தியம் காதில் விழாது. அன்றைக்கு அந்தக் கருவியை யார் நிறுத்துவார் என்று பெயர் கேட்டு வையுங்கள். ஓமகுண்டத்துக்கு அடியில் செங்கல் அடுக்கி, மணல் பரப்பிய தட்டு வைக்க வேண்டும். மணவறையைச் சுற்றித் தரையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்புப் போடுங்கள். மஞ்சளும் குங்குமமும் கம்பளத்தில் பட்டால் போகாது, டெபாசிட்டைப் பிடிக்க முதல் காரணம் அதுதான். சாவி வாங்கியவுடன் மண்டபத்தைச் சுற்றி வந்து, ஏற்கெனவே இருக்கும் கறை, உடைசலையெல்லாம் போனில் படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

சாப்பாடு

முழு கேட்டரிங் விடலாம். அல்லது சாமான் நாம் வாங்கி, பாத்திரத்தோடு வரும் சமையல்காரரைப் பிடிக்கலாம். இரண்டாவது மலிவு, ஆனால் காய் நறுக்க, பாத்திரம் கழுவ, பரிமாற ஆள் வேண்டும். முதல் நாள் இரவு அக்கம்பக்கத்துப் பெண்கள் கத்தியும் பலகையுமாக வந்து உட்கார்ந்துவிடும் வழக்கம் நார்த்டேலில் இன்னும் இருக்கிறது. அந்தக் கூட்டம் உங்களுக்கு இருந்தால் தைரியமாக இதைச் செய்யுங்கள். புதிதாக வந்து இன்னும் அக்கம்பக்கம் பழகாதவர்கள் கேட்டரிங்கே விடட்டும். இதில் மிச்சம் பிடிக்கப் போய்க் கல்யாணப் பெண்ணின் அம்மா சமையலறையிலேயே நிற்கும்படி ஆகிவிடக் கூடாது.

வழக்கமான சைவச் சாப்பாடு பருப்பு போட்ட காய்கறிப் பிரியாணி, தனியாகப் பருப்பு, கேரட் சாலட், தயிர், பாயசம். 250 பேருக்கு அளவு: பாஸ்மதி 25 கிலோ, பிரியாணிக்குக் கறுப்பு மசூர்ப் பருப்பு 5 கிலோ, உருளைக்கிழங்கு 20, கேரட் பீன்ஸ் பட்டாணி சேர்ந்து 20, வெங்காயம் 10, எண்ணெயும் நெய்யுமாக 7 லிட்டர். தனிப் பருப்புக்கு 7 கிலோ. சவர் மில்க் என்னும் புளித்த பால் 25 முதல் 30 லிட்டர். பாயசம் தலைக்கு 100 மில்லி என்று 25 லிட்டர். காய்கறியை கிளேர்வுட் மொத்தச் சந்தையிலோ, வெள்ளி சனியில் கூடும் சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டிலோ மூட்டையாக எடுத்தால் சூப்பர்மார்க்கெட்டைவிட நன்றாகக் குறையும். டர்பனிலிருந்து வரும் உறவினர் யாராவது வண்டியில் ஏற்றி வந்துவிடலாம்.

தேக்‌ஷா என்றால் பிரியாணி அண்டா. 25 கிலோ அரிசியை ஒரே தேக்‌ஷாவில் போடும் சமையல்காரரை விடாதீர்கள். தம்மில் வைக்கும்போது அடி தீயும், மேல் அரிசி விறைத்து நிற்கும், கிளறினால் நடு அரிசி குழையும். எட்டு எட்டரை கிலோவாக மூன்று தேக்‌ஷா வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவதன் மூடியை, மாவு ஒட்டிய முத்திரையோடு அப்படியே விட்டு, இரண்டாவது அண்டா பாதி காலியானதும் உடைத்தால் கடைசிப் பந்திக்கும் ஆவி பறக்கும். எதிர்பார்த்ததைவிடக் குறைவான ஆள் வந்தால் அந்தத் தேக்‌ஷா முழுசாக, கை படாமல் முதியோர் இல்லத்துக்கோ கோயிலுக்கோ போகும்.

கேஸில் ஒரு சிக்கல் உண்டு. ஜூன் காலைக் குளிரில் பெரிய பர்னரை 9 கிலோ சிலிண்டரில் மாட்டினால், வாயு வேகமாக வெளியேறும்போது சிலிண்டரே சில்லிட்டு வெளிப்புறம் பனி பூத்துவிடும். உள்ளே கேஸ் இருக்கும், ஆனால் அழுத்தம் விழுந்து தீ மஞ்சளாகச் சோர்ந்துவிடும். கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து ஆட்கள் கடைக்கு ஓடுவார்கள். தேக்‌ஷாவுக்கு ஒன்றாக 19 கிலோ சிலிண்டர் மூன்றும், உதிரியாக ஒன்றும் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

பஃபே என்றால் இருபக்கமும் எடுக்கும்படி இரண்டு மேசை வரிசை வையுங்கள். 250 பேரும் ஒரே ஒற்றை வரிசையில் நின்றால் ஒரு மணி நேரம் தாண்டிவிடும். அந்த நேரம் மண்டப ஓவர்டைமாக உங்கள் பில்லில்தான் ஏறும். வாழை இலைப் பந்தி என்றால் இரண்டு மேசைக்கு ஒரு பரிமாறுபவர். இலை கடலோரப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். வழியில் கிழிவதற்கும் சேர்த்து 300 இலை சொல்லுங்கள்.

அலங்காரம், உடை, போட்டோ

மணவறையையே மாலை வரவேற்பு மேடையாக மாற்றிக் கொடுக்கச் சொன்னால் ஒரு மேடைக் காசு மிச்சம். நிஜப் பூ மாலைக்கும் மணவறை முகப்புக்கும் போதும், மற்றது துணிப்பூவாக இருக்கட்டும். மல்லிகை இங்கே அரிது, கார்னேஷனிலும் சாமந்தியிலும் கட்டும் மாலையே நன்றாக நிற்கும்.

சென்னைக்குப் போய்ப் புடவை எடுப்பவர்கள் சுங்கக் கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பயணி ஒருவருக்கு 5,000 ரேண்ட் மதிப்பு வரை வரி இல்லை. அதற்கு மேல் 20,000 வரை நிலையான 20 சதவீதம். பில்களைக் கையோடு வைத்திருங்கள். பூ, மாவிலை, விதை போன்ற தாவரப் பொருள்களை அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே பறிபோகும்.

போட்டோக்காரரிடம் எத்தனை மணி நேரம், எத்தனை படம், எந்தத் தேதிக்குள் கொடுப்பார் என்பதை எழுதி வாங்குங்கள். முதல் நாள் நலங்கு அந்தத் தொகையில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள்.

கொட்டேஷனும் முன்பணமும்

ஒவ்வொரு கொட்டேஷனிலும் வாட் சேர்ந்ததா என்று கேளுங்கள். 57,000 சொன்ன கேட்டரர் கடைசியில் 15 சதவீதம் தனி என்றால் 8,550 கூடும். கடைசித் தலைக்கணக்கை என்றைக்குள் சொல்ல வேண்டும், அதற்குப் பின் குறைந்தால் காசு குறையுமா என்பதும் தாளில் இருக்க வேண்டும்.

"டெபாசிட் திரும்பாது" என்று அச்சடித்திருந்தால் அதுவே முடிவு என்று நினைக்காதீர்கள். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி முன்பதிவை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. அவர்கள் நியாயமான ரத்துக் கட்டணம்தான் பிடிக்கலாம். யாருக்காகப் பதிவு செய்தோமோ அவர் இறந்தாலோ மருத்துவமனையில் சேர்ந்தாலோ அதையும் பிடிக்க முடியாது. உங்களுக்கென்றே தனியாகச் செய்யச் சொன்ன பொருளுக்கு இது பொருந்தாது.

பணம் அனுப்பும்முன் வங்கிக் கணக்கு எண்ணை, உங்களிடம் முன்பே இருக்கும் போன் எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். மின்னஞ்சலில் வரும் இன்வாய்ஸை இடையில் பிடித்து, கணக்கு எண்ணை மாற்றி அனுப்பும் மோசடி இந்த நாட்டில் சகஜம்.

சட்டச் செலவு

1913ல் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் கொடுத்த தீர்ப்பு நம் கல்யாணங்களையெல்லாம் சட்டத்துக்கு வெளியே தள்ளியது. அதை எதிர்த்து நம் பெண்களும் சிறை போனார்கள். இன்றும் அக்கினி சாட்சியாகத் தாலி கட்டினால் மட்டும் சிவில் பதிவு ஆகிவிடாது. உங்கள் ஐயர் பதிவு பெற்ற திருமண அலுவலரா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஹோம் அஃபேர்ஸ் என்னும் உள்துறை அலுவலகத்தில் அலுவலக நேரத்தில் கட்டணமின்றிப் பதியலாம், இரண்டு சாட்சி போதும். கோயில், வீடு, பொது அலுவலகம் ஆகியவற்றையே சட்டம் பதிவுக்கான இடமாகச் சொல்கிறது. வாடகை மண்டபத்தில் கையெழுத்து வைக்க நினைத்தால் அலுவலரிடம் முன்பே பேசுங்கள். மணமக்களில் ஒருவர் வெளிநாட்டுக் குடிமகன் என்றால் தடையில்லாச் சான்று சொந்த நாட்டிலிருந்து வர வேண்டும், ஹோம் அஃபேர்ஸ் நேர்காணலும் உண்டு. ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் திருமணத்துக்கு முந்தைய சொத்து ஒப்பந்தம். அது இல்லாமல் மணந்தால் இருவர் சொத்தும் கடனும் ஒன்றாகிவிடும். மாப்பிள்ளையின் தொழில் நொடித்தால் பெண்ணின் சம்பாத்தியமும் போகும். கல்யாணத்துக்கு முன்பே நோட்டரி முன் கையெழுத்திட்டு, மூன்று மாதத்துக்குள் டீட்ஸ் ஆபீஸ் என்னும் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். மாரிட்ஸ்பர்கிலேயே அந்த ஆபீஸ் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பின் மாற்ற வேண்டுமானால் உயர் நீதிமன்றம் ஏற வேண்டும். அந்த வக்கீல் கட்டணத்தோடு பார்த்தால் நோட்டரி கட்டணம் மிகச் சின்னது. இதை 1,50,000க்கு வெளியே, மணமக்கள் பெயரில் தனியாக ஒதுக்குங்கள். பெரியவர்கள் சங்கடப்பட்டாலும் பேசியே ஆக வேண்டிய விஷயம் இது.

கல்யாணம் முடிந்த வாரம் மண்டப டெபாசிட்டை எழுத்தில் கேளுங்கள். வாடகைப் பாத்திரத்தை எண்ணித் திருப்பி ரசீது வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து, எம் என்ற ஆங்கில எழுத்தையும் அதோடு உங்கள் அடையாள எண்ணையும் 32551க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஹோம் அஃபேர்ஸ் பதிவேட்டில் உங்கள் திருமணம் ஏறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஏறவில்லை என்றால் திருமண அலுவலர் கொடுத்த கையெழுத்துச் சான்றிதழோடு அலுவலகத்துக்கு நேரில் போங்கள்.